கம்புக்கு நடுவே காராமணி

எண்பதுகளில், கல்யாணமாகி மயிலத்துக்குப் பக்கத்து ஊருக்கு நான் வந்த புதிது. எங்கள் ஏரியோரக் கொல்லையைப் பார்த்தாலே என் வீட்டுக்காரருக்கு எரிச்சல் வரும். கம்பு விதைத்தால் கம்பை முந்திக்கொண்டு கோரைப்புல் வந்து நிற்கும்.

"இந்தத் தடவையும் கோரை மூடிச்சுன்னா சவுக்கு நட்டுடப் போறேன். களையெடுத்துக்கினே சாவ முடியாது, ஒரே பேஜாரு" என்றார்.

சவுக்கு நட்டால் வெட்டுகிற வரைக்கும் அந்த மண்ணில் ஒரு பிடி தானியம் கிடையாது. கூழுக்கு எங்கே போவதாம்?

பனமலைப் பக்கம் என் பிறந்த வீட்டில், கம்புச் சால்களுக்கு நடுவே காராமணி போடுவார்கள். அது இலை விரித்து மண்ணை மூடிவிடும். அடியில் வெயில் படாததால் புல் தலைதூக்காது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னால் 'கம்பைக் கெடுக்காதே' என்பார். அவர் திண்டிவனம் போன நாளாகப் பார்த்து, ஏர்க்காரர் பின்னாலேயே நடந்து இரண்டையும் விதைத்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

முளைத்த பிறகு ஒரு காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறேன், இவர் கீழ்க்கோடியில் குனிந்து என் காராமணிக் கன்றுகளைச் சுத்தமாகப் பிடுங்கி வரப்பில் எறிந்துகொண்டிருக்கிறார்!

"ஐயையோ! இன்னாங்க பண்றீங்க? அது களையில்லீங்க, காராமணி!"

"கம்புக் கொல்லையில காராமணிக்கு இன்னாடி வேலை? கம்பு இல்லாதது எல்லாம் களைதான். சொல்றதுக்கு வாயில கொழுக்கட்டையா?"

"மிச்சத்துல கைய வெச்சீங்க, அவ்ளோதான்!"

அவர் முறைத்துவிட்டு, "பாக்கலாம்" என்று போய்விட்டார்.

மூன்று வாரம் விட்டு விட்டு நல்ல மழை பிடித்தது. மழை முழுசாக விட்டதும் கொல்லைக்கு ஓடினேன். அடடா! அவர் பிடுங்கிய கீழ்க்கோடியில் கோரை முழங்கால் உயரம். கம்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் காராமணி பாயாக விரிந்திருந்தது. இலையை விலக்கினால் வெறும் ஈர மண். அங்கங்கே ஒரு புல், அதுவும் வெளுத்துப்போய். துள்ளிக் குதிக்காத குறைதான். வீட்டுக்கு ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

குனிந்து இலையை விலக்கிப் பார்த்தார். பிறகு கீழ்க்கோடியைப் பார்த்தார். நான் விடுவேனா?

"சவுக்கு எங்கீங்க நடலாம்?"

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கீழ்க்கோடிக்குப் போய்க் கோரையைப் பிடுங்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே கேட்டார்:

"அந்தக் காராமணி வெதை இன்னும் மிச்சம் இருக்குதா?"