இசக்கித்துரை விட்ட சுற்று

சங்கரன்கோவிலில் ஜிம் நடத்தும் இசக்கித்துரைக்கு டப்பாக்களின் மேல் அப்படியொரு நம்பிக்கை. எடை தூக்க ஒரு பவுடர், ஓட ஒரு பவுடர், வலி மறக்க இன்னொன்று. அவன் சொல்லித்தருவது ஃபங்ஷனல் ஃபிட்னஸ். தூக்குவது, இழுப்பது, நடப்பது என்று உடம்பு அன்றாடம் செய்கிற வேலைதான் அதில் பயிற்சி. அதற்கும் முதலில் டப்பாவைத்தான் திறக்கச் சொல்வான்.

குறைமாதத்தில் பிறந்த மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால், அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கும் ஆடித்தபசுக்கு ஆளுக்கு நூற்றியொரு சுற்று என்று அவனும் மனைவி கோகிலாவும் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிழைத்தது, இப்போது தத்தித் தத்தி நடக்கிறது. ஆடியும் வந்தது. ஒரே நாளில் பிராகாரத்தைச் சுற்றி முடித்துவிடலாம் என்றவன் அவன்தான்.

"நீயும் ஒரு ஸ்கூப் போடுட்டி. பாதியில விழுந்துருவ."

"அந்தக் கருமம் எனக்கு வேண்டாம். கஞ்சி குடிச்சிட்டு வாரேன்."

அவன் இரண்டு ஸ்கூப் கலக்கினான். சாமி காரியமாயிற்றே என்று மூன்றாவதும் போட்டான். ஆரம்பத்தில் பறந்தான். பவுடரில் இருக்கும் காஃபின் கொஞ்சம் உசுப்பிவிடும் என்பது பொய்யில்லை. அந்தக் கொஞ்சத்தை அவன் மலையளவு நம்பிவிட்டான். உச்சி வெயிலில் நெஞ்சு படபடத்தது, வாந்தி வந்தது, கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. நூற்றியொன்றில் பாதிகூட ஆகாமல் தூணோரம் சாய்ந்தான். பிள்ளைக்காக நேர்ந்தது பாக்கி நின்றுவிட்டது.

கோகிலா வந்தாள், தண்ணீர் கொடுத்தாள், போனாள். மறுபடி வந்தாள், போனாள். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசைத்தறிக் கூடத்தில், அறுந்த இழையை முடிச்சுப் போட்டபடி, ஷிப்டு முழுக்கத் தறிகளுக்கு நடுவே நடப்பவள் அவள். அதுவும் ஒரு பயிற்சி என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் புல்லரித்தது. இந்தக் கால்களோடா இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்!

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் சுற்று முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அவன் தூணைப் பிடித்து எழுந்தான். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, முடிஞ்சிட்டுல்லா? எங்க போற?"

"என் சுத்து முடிஞ்சிட்டு. இனி உங்க சுத்து. இன்னைக்கு முடிஞ்ச மட்டும் நடக்கேன், மிச்சம் நாளைக்கு." நின்று திரும்பினாள். "அம்மன் ஒத்தக்கால்ல நிக்கா. அவ கால்வலிய நாம பங்கு போடத்தான இந்தச் சுத்தே. உங்க வலிய நான் பங்கு போடக்கூடாதா?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். சன்னதி அவனுக்கு முதுகுப்பக்கம் இருந்தது.