மடிப்பில் வந்த குல்லா

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு விரிப்பை மடித்தது. பூங்காவில் நடந்த இசை விழா முடிந்திருந்தது. புல்லில் கிடந்த விரிப்பின் இரண்டு முனைகள் அவளிடம், இரண்டு என்னிடம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ஆயுள் முழுக்க விரிப்பு மடித்தவள் அவள்.

"மூலைக்கு மூலை சேரணும், இன்ஜினியர் சார். பாலம் கட்றவனுக்கு இது வரலியா?"

பக்கத்தில் வெறும் புல்லில் உட்கார்ந்திருந்த தம்பதியின் கைக்குழந்தையை அன்று அம்மா எங்கள் விரிப்பில்தான் படுக்கவைத்திருந்தாள். மேடையில் மேளம் அதிர்ந்தும் அது அசையாமல் தூங்கியது. அம்மா பாட்டைக் கேட்கவே இல்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் விரிப்பைப் பிரித்தபோது உள்ளிருந்து சின்ன மஞ்சள் குல்லா விழுந்தது. உதறாமல் எதையும் மடிக்காதவள், அன்று மறந்திருக்கிறாள். அதைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

"அடுத்த வருஷமும் வருவாங்க. குடுத்துடலாம்."

"அதுக்குள்ள அந்தத் தலை பெருசாயிடும்மா."

"ஒன் தலையும்தான் பெருசாச்சு. நான் ஒன்ன விட்டுட்டனா?"

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். இந்த ஞாயிறு மறுபடி விழா. விரிப்பும் குல்லாவும் பையில் இருக்கின்றன. அதே மரத்தடியில் விரித்துக் காத்திருப்பேன். அவர்கள் வந்தால் குல்லாவைக் கொடுத்துவிட்டு, மடிக்கும்போது எதிர்முனையைப் பிடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.