திருட்டுப் பிரிண்டில் ஒரு குரல்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தக்கடை வைத்திருந்த என் கணவருக்குத் திருட்டுப் படம் என்றாலே ஆகாது. அவருடைய தம்பி பென்டிரைவோடு வந்தால் வாசலிலேயே மல்லுக்கு நிற்பார்.

“மூட்டையைத் தூக்குனா கடையில மூட்டை இருக்காது. படத்தை எடுத்தா படம் அங்கதான அண்ணே இருக்கு?” என்பான் தம்பி.

“கேக்காம எடுத்தா களவுதான். அதுல என்னடே சம்சயம்?”

நானும் அவர் கட்சிதான்.

பேய்ப்படத்துக்கு மட்டும் அவர் தனியாகப் போவார். எனக்குப் பயம், அதைவிட அவர் பக்கத்தில் உட்கார வெட்கம். திரையில் இருப்பவர்களுக்கெல்லாம் சத்தம்போட்டு யோசனை சொல்வார். கடைசியாகத் தம்பானூர் தியேட்டரில் ஒரு பேய்ப்படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு வந்தார். அந்த வாரமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு மத்தியானம், “அண்ணன் கடைசியாப் பாத்த படம் மதினி,” என்று கொழுந்தன் பென்டிரைவை வைத்துவிட்டுப் போனான். களவு என்று தெரிந்துதான் போட்டேன். தியேட்டரில் எவனோ ஒளித்து எடுத்தது. படம் கோணல், யாரோ இருமினார்கள், குழந்தை அழுதது. கதாநாயகி இருட்டு வராந்தாவில் நடந்தாள்.

“பொறத்தால பாருடீ!”

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் யாரும் இல்லை. அது அவர் குரல்.

போனில்கூட ‘சரி’ என்று டைப் அடிக்கிற மனிதர். வேறெங்கும் அவர் குரல் எங்களிடம் இல்லை. கேட்காமல் எடுத்தால் களவு என்றவரின் குரலை, அவரைக் கேட்காமலே ஒரு கள்ளன் எடுத்திருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

கொழுந்தனுக்குப் போட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

“அழிச்சிரட்டா மதினி? அண்ணனுக்குப் பிடிக்காதுல்லா.”

“தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்.”

பிறகு அந்தப் படம் ஓடிடியில் வந்தது. அவருக்காகவே பணம் கட்டிப் பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது. வராந்தாவில் அவள் காலடிச் சத்தம் மட்டும்தான். அந்த இடத்தில் அவர் இரண்டாம் தடவை செத்தார்.

பென்டிரைவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மத்தியானங்களில் போடுகிறேன். அவர் கூப்பிடுகிறார். இப்போதெல்லாம் நான் திரும்புவதில்லை. திரும்பாதவரை அவர் என் பின்னால்தான் நிற்கிறார்.