வயிற்றைத் தொட்டுப் பொய்யைக் கண்டுபிடித்தவர்

எங்கள் சித்தப்பா லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் ஒரு வாரத்துக்குப் போதுமான பயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இலங்கை சுதந்திரம் வாங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஏதோ புதுச் சட்டமாம், இந்தியாக்காரர்களையெல்லாம் கப்பலேற்றிவிடுவார்களாம் என்று தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரே பேச்சு. அந்தச் சமயம் பார்த்துத்தான் மலேரியாக்காரர்கள் வரப்போகிறார்கள், எல்லோருடைய விரலிலும் குத்தி ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ரத்தத்த கண்ணாடியில தடவி, பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பாங்க. எந்த நாட்டு ரத்தம்னு அதுல தெரிஞ்சுரும். அண்ணிய மண்டபத்துல ஊசி குத்தித்தானே கப்பல் ஏத்துனாங்க? கவர்மெண்டு ஊசிய எடுத்தா நம்மள எங்கயோ ஏத்தப்போறான்னு அர்த்தம்."

அப்பா இங்கே பிறந்தவர். சித்தப்பாவும் நானும் அப்படித்தான். அம்மா மட்டும் இந்தியாவில் பிறந்து, கல்யாணமாகி, கப்பலுக்காக மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, கையில் அம்மை குத்திய தழும்போடு வந்து சேர்ந்தவள். போவதென்றால் அவள் மட்டும்தான் போகவேண்டும். எனக்கு எட்டு வயது.

அதோடு அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வேறு. மலேரியாக்காரர்கள் வந்த காலையில் பல் கிடுகிடுக்கக் கிடந்தவளை விறகுக்கட்டுக்குப் பின்னால் படுக்கவைத்து, வீட்டிலிருந்த கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் மேலே போட்டு மூடினோம். யாராவது கேட்டால் வீட்டில் ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்லும்படி அப்பா என்னிடம் சொல்லிவைத்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டார். அம்மாவின் பெயர் வந்ததும் அப்பா, "அது பசறைக்குப் போயிருக்குங்க, எங்க அக்கா வீட்டுக்கு" என்றார். அந்தக் குரல் அப்பாவுடையதாகவே இல்லை.

பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். வெள்ளைக் காற்சட்டை போட்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது.

"பிள்ளை, வீட்டிலை ஆருக்கும் காய்ச்சலோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் விரல்கள் என் இடது விலாவுக்குக் கீழே போய் நின்றன. அங்கேயே அழுத்தினார்.

"இதுக்கு மண்ணீரல் வீங்கிக் கட்டியாய் இருக்கு, மலேரியாதான். இந்த வீட்டிலை காய்ச்சல் கிடக்குது. எங்கை, வீட்டைக் காட்டுங்கோ."

நான் சொன்ன பொய் வயிற்றுக்குள் கட்டியாகிக் கிடந்து அவர் கையில் அகப்பட்டுவிட்டது என்றுதான் நம்பினேன். லயத்தை நோக்கி அவர் நடக்க, பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். சித்தப்பாவை எங்கும் காணோம்.

விறகுக்குப் பின்னாலிருந்த சாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை விலக்கியதும் அம்மா இரண்டு கையையும் கூப்பினாள்.

"அய்யா, என்னைய மட்டும் தனியா அனுப்பிறாதீங்க. புள்ள இருக்குங்க."

"எங்கையம்மா அனுப்பிறது?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல். "விரலைத் தாங்கோ. இந்த மாத்திரையைக் குடியுங்கோ."

மாத்திரை வேப்பங்கொட்டையாய்க் கசந்தது. எனக்கும் கொடுத்தார்கள். அம்மா பிழைத்துக் கொழுந்தெடுக்கப் போனாள். நான் மட்டும் தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி காட்டிக்கொடுக்கத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாகிறது என்று நினைத்தேன்.

கண்ணாடி காய்ச்சலை மட்டும்தான் காட்டியது. பிறகு பிரஜாவுரிமை விசாரிக்க வந்தவர்களின் கையில் ஊசியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அப்பாவும் அப்பாவின் அப்பாவும் எங்கே பிறந்தார்கள், அதற்குப் பத்திரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். எங்கள் லயத்தில் யாரிடம் இருக்கிறது அந்தப் பத்திரம்? இங்கே பிறந்த அப்பாவும், சித்தப்பாவும், நானும் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்றாகிவிட்டது. விறகுக்குப் பின்னால் அம்மாவை மட்டும் ஒளித்துவைத்துவிட்டு, எனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு நான் வரிசையில் போய் நின்றேன்.