ஃபுட்பால் வீரருக்கு மொட்டை

நான்காம் வகுப்பில் என்னைப் போல் அவமானப்பட்டவன் அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோவில் எவனும் இருந்திருக்க மாட்டான். முருகனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டு அம்மா ஒரு வருடமாக என் முடியை வெட்டவிடவில்லை. புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் என்னைப் பெண்கள் வரிசையில் நிற்கச் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லியே வகுப்பு முழுவதும் என்னைக் கேலி செய்தது.

அப்போதுதான் பள்ளி நூலகத்தில், ஒரு பழைய புத்தகத்தில் அவர் கிடைத்தார். ஹெல்மெட் இல்லாத காலத்தில், பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைக் கல்லூரியில் ஆடி, பிறகு கோச் ஆனவர். தலையில் அடிபடாமலிருக்க அந்தக் காலத்து வீரர்கள் முடியைத்தான் வளர்த்துக்கொண்டார்களாம். படத்தில் அவருக்கு என்னைவிட அடர்த்தியான முடி! சரித்திர மனிதர்களாக வேடம் போட்டு மேடையில் பேசும் நாளுக்கு அவர் பெயரைத்தான் கொடுத்தேன். கேலி செய்தவன் ஒவ்வொருவனும் வந்து பார்க்கட்டும்.

திங்கட்கிழமை வேடம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு அப்பாவும் அம்மாவும் சமையலறையில் சந்தோஷத்தில் குதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மொட்டை என்றாள் அம்மா.

"அம்மா, ஜஸ்ட் ஒன் மோர் டே! ப்ளீஸ்!"

"சாமி விஷயத்துல நாள் தள்ளக் கூடாதுடா கண்ணா. முடிதானே, வளரும்."

அழுதேன், புரண்டேன், காரில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா என் சந்தனத் தலையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "ஏன்டா, அவர் அப்புறம் கோச் ஆனார்ல? வயசானா வழுக்கை விழாதா? பிளேயர் பார்ட்ட ஸ்கிப் பண்ணு. நேரா கோச்சா போ!"

அப்பாவின் டையும் ஒரு விசிலுமாக மேடையேறினேன். தலையில் ஒட்டியிருந்த சந்தனத்தை மைதானத்து மண் என்று நினைத்து டீச்சர் என்னைத் தனியாகப் பாராட்டினார். கேலி செய்தவர்கள் வரிசையில் நின்று மொட்டையைத் தடவிப் பார்த்தார்கள். எனக்கென்னவோ வயிற்றெரிச்சல் தீரவில்லை.

மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெற்றோர்களில் அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். என் முடியை நினைத்துத்தான் அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று இருந்துவிட்டேன். அந்தக் கடிதத்தில் வந்தது அப்பாவின் விசா நீட்டிப்பு, அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டதும் அதற்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. வராமல் போனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்ப டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தார்களாம். என் தலையில் அன்று முடி இருந்திருந்தால், அந்த மேடையில் நான் இருந்திருக்கவே மாட்டேன்.