நான்கு பில்களில் எது கடைசி

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் பயமில்லை. எழுதி முடித்து மூடுவதில்தான் எல்லாப் பயமும். கரண்ட் போய்விட்டால்? பிளாப்பி கெட்டுவிட்டால்? அதனால் பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த சின்ன கம்ப்யூட்டர் சென்டரில், கிளம்பும் முன் ஒரே புரோகிராமைப் பல பெயர்களில் சேமித்து வைப்பேன். பில், பில்நியூ, பில்ஓகே, பில்லாஸ்ட்.

ஒரு தடவை திசையன்விளையில் ஒரு அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடைத் திறப்பு, மறுநாள் காலை. அவருடைய பில் புரோகிராமில் அரைக் கிலோ கருப்பட்டி போட்டால் ஒரு கிலோ விலை வந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான் சரிபண்ணினேன். சாயங்காலப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்.

சென்டர் நடத்திய அக்கா காலி பிளாப்பியோடு வந்து நின்றார். "ஏலே, இதுல எது கடைசி?"

நான்கையும் பார்த்தேன். பில்லாஸ்ட்டுக்குப் பிறகு பில்ஓகேயைத் திறந்து ஏதோ மாற்றினேனோ?

"தேதியப் பாருங்கக்கா."

"எல்லாத்துக்கும் எண்பதாம் வருசம் ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது. அப்போ நீ டவுசர் போட்டுத் திரிஞ்சிருப்ப."

மெஷினின் பேட்டரி செத்து மாசக்கணக்காகிவிட்டது. காலையில் அது தேதி கேட்கும்போதெல்லாம் பேசாமல் என்டரைத் தட்டிவிடுவோம். அதுவும் எண்பதிலிருந்தே தொடங்கும்; கரண்ட் போய் வரும்போதெல்லாம் நேரமும் முதலிலிருந்து.

ஒவ்வொன்றாக ஓட்டி, அரைக் கிலோ கருப்பட்டி போட்டோம். இரண்டில் தப்பு. அக்கா அவற்றை உடனே அழித்தார். மிச்ச இரண்டும் சரி. ஆனால் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது.

"பெருசயே கொண்டு போறேன்க்கா. எதுவும் விட்டுப் போயிருக்காதுல்லா."

"வேண்டாத வரிய நீ எடுத்திருந்தா சின்னதுதாம்லே புதுசு."

அதுவும் சரிதான். "அப்ப ரெண்டையும் கொண்டு போகட்டா?"

"அண்ணாச்சி என்ன, சாமி முன்னால பூக்கட்டிப் பாத்தா ஒண்ண எடுப்பாரு?"

ஒன்றை அச்சடித்து, மற்றதைத் திரையில் வைத்து வரிவரியாகப் படித்தோம். ஒரே ஒரு வித்தியாசம். பெரியதில், விலை பெருக்கும் இடத்துக்கு மேலே, எனக்கு நானே எழுதிக்கொண்ட, மெஷின் கண்டுகொள்ளாத குறிப்பு: இங்கே பார்க்கணும்.

"என்னத்தப் பாக்கணும்?"

"தெரியலக்கா."

"பாத்து முடிச்சு அழிச்சது சின்னதா? இல்ல, பொறவு சந்தேகம் வந்து எழுதுனது பெருசா?"

இரண்டுமே நான் செய்யக்கூடியவன்தான். கால் கிலோ, முக்கால் கிலோ, ஒன்றரைக் கிலோ என்று போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் விலை ஒன்றுபோலச் சரியாக வந்தது. குறிப்பு இருந்ததை அழிக்கச் சொன்னார் அக்கா. அழிக்கும் கட்டளையையும் அதன் பெயரையும் தட்டிவிட்டேன், என்டர் மேல் வைத்த விரல் இறங்கவில்லை. அக்கா கையை நீட்டித் தட்டிவிட்டார்.

"பாத்தாச்சு. மிச்சத்தப் பிளாப்பில ஏத்திக்கிட்டு, மெஷின அமத்திட்டுப் பஸ்ஸப் பிடி."

மறுநாள் கடையில் முதல் ஆள் கேட்டது கால் கிலோ சீனியும் அரைக் கிலோ கருப்பட்டியும். பில் சரியாக வந்தது. அண்ணாச்சி கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தான வே வருது. நீரு ஏன் இப்படி முழிக்கேரு?"

இங்கே பார்க்கணும் என்று எழுதியது எதைப் பார்க்க என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பில்லுக்குப் பிரிண்டர் இரையத் தொடங்கியது.