பழுப்பின் மேல் பழுப்பு

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவோம். நோயாளியிடமிருந்து எடுத்த சதைத்துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, முடியைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக. சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் பார்த்து யாராவது தும்மினால் அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது.

போன செவ்வாய், ஒரு தையல்காரரின் வலது கட்டைவிரல் நகத்தடியிலிருந்து எடுத்த துணுக்கு வந்தது. மை மாதிரி கறுப்பு. தோலுக்கு நிறம் செய்து தரும் செல்கள் அங்கே கூட்டம் போட்டிருந்தன. வெறும் மச்சமா, மெலனோமா என்கிற புற்றுநோயா? மெலனோமா என்றால் விரலை எடுக்க வேண்டும். சாதாரணத் தோலில் உறங்கிக் கிடக்கும் ஒரு மரபணு, மெலனோமாவில் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். அது உண்டாக்கும் புரதத்தில் போய் ஒட்டுகிற சாயம் ஒன்று உண்டு. அதைப் போட்டோம்; ஒட்டிய இடம் பழுப்பாகும். தகடு முழுக்கப் பழுப்பு.

"விரல் போச்சு," என்றார் நுண்ணோக்கியில் பார்த்த எங்கள் டாக்டர். "ஆபரேஷனுக்கு எழுதிடலாம்."

மெழுகக்கா நகரவில்லை. "சார், சாயமே போடாத சீவல் ஒண்ணு இருக்கு. அதைப் பாருங்க."

"அது எதுக்கு?"

"பாருங்களேன்."

பார்த்தார். அதுவும் பழுப்பு!

"மெல்லிசா சீவிட்டா செல்லு செஞ்சு வச்ச கறுப்பும் பழுப்பு, நம்ம சாயமும் பழுப்பு. காக்காக் கூட்டத்துல கறுப்புக் குடையைத் தேடிட்டிருக்கோம் சார்."

"எனக்குத் தோணவே இல்லையே!"

"எனக்கு மட்டும் தோணுச்சா? அந்த பாட்டிலை எடுத்து ஊத்தினதே நான்தான்."

சிவப்புச் சாயம் அலமாரியில் இருந்தது. ஆனால் சாயம் போடாத சீவலைக் கண்ணாடியால் மூடி ஒட்டியாகிவிட்டது; மெழுகுக் கட்டியில் மிஞ்சியது இரண்டு சீவலுக்குத்தான் காணும். முதல் சீவல் சுருண்டு கிழிந்தது. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது, சுருக்கம் நீக்க வைத்திருந்த வெந்நீரில் மடிப்பில்லாமல் மிதந்தது. அதைத் தகட்டில் ஏற்றிச் சிவப்புச் சாயம் போடுமுன், மெழுகக்கா அதே தகட்டின் ஓரத்தில், மெலனோமா என்று முன்பே உறுதியான ஒரு பழைய துணுக்கின் சீவலையும் ஏற்றினார். சாயம் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே.

மூன்று மணி நேரம். பிறகு டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்து தகட்டை மேலும் கீழும் நகர்த்தினார்.

"சார், சொல்லித் தொலைங்களேன்!"

"பழைய துணுக்கு ஜெகஜ்ஜோதியா சிவந்திருக்கு. தையல்காரர் பக்கம்..." தகட்டை இன்னொரு முறை மேலும் கீழும் நகர்த்தினார். "ஒரு பொட்டு சிவப்பு இல்லைக்கா. செல்லோட அமைப்பும் சாதுவாத்தான் இருக்கு. மச்சம்தான்!"

மெழுகக்கா கையுறையோடு கைதட்டினார். டாக்டர் அப்போதே போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்.



"டாக்டர், எனக்கு விரல் போயிடுமோன்னு பயந்து என் தம்பி ரெண்டு நாளா என் மெஷின்ல உக்காந்து பழகறான். எந்திரிடான்னு சொல்லிடவா?"

"இப்பவே சொல்லுங்க!" என்று கத்தினார் மெழுகக்கா.